நுரை வழித்த கை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு மருந்துகளை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டுக்கும் ஒரே கைதான் நுரை வழிக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. ஆனால் சரியான சட்டம். தாமிரக் கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, தாமிரத்தைப் பிரிக்கும் ரசாயன மருந்தை நாலு சொட்டு விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதினால் தாமிரம் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். வெறுங்கல் கீழேயே கிடக்கும். மேலே வந்த நுரையைச் சின்னத் துடுப்பால் தட்டில் வழித்துக்கொள்ள வேண்டும். ஆழமாக வழித்தால் சேறும் கூட வந்துவிடும். மேலோட்டமாக வழித்தால் தாமிரம் தொட்டியிலேயே நின்றுவிடும். கல் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான், ஆனால் ஆள் மாறினால் கணக்கு மாறிவிடும்.

எங்கள் ஆய்வகத்தின் கை, போஷேனாவின் கை. பதினெட்டு வருஷமாக அவள்தான் வழிக்கிறாள். பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நொடிக்கு ஒரு தடவை "வழி" என்று சொல்லும் ஜென்மம் நான். பெயர் ஜெரார்ட். இஞ்சினியர் என்று அட்டையில் போட்டிருக்கும். போஷேனாவின் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இறங்கும், எந்த இடத்தில் திரும்பும் என்பதெல்லாம் என் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற ஆய்வகத்துக்காரர்கள் போலந்தில் எங்கள் ஊரான லுபினுக்கு வந்தால் அவள் வழிப்பதைப் பார்க்கவென்றே ஒரு நடை எட்டிப் பார்ப்பார்கள். அவளும் அப்போது முகத்தை ஒன்றும் தெரியாததுபோல் வைத்துக்கொள்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன் கிங்கா எங்கள் ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்தாள். அதோடு போஷேனாவின் நிம்மதி போயிற்று.

கிங்கா கெட்டவளாக இருந்திருந்தால் போஷேனா பிழைத்திருப்பாள். திமிர் பிடித்தவள், அரைகுறை என்று ஏதாவது சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை. வேலை தெரிந்த பெண், சிரித்த முகம், யாரைப் பார்த்தாலும் இரண்டு வார்த்தை பேசுவாள். வந்த ஆறே மாதத்தில் எங்கள் எல்லோரோடும் ஒரு கோப்பை மதுவில் "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. எங்கள் ஊரில் அதைப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும். போஷேனா சொல்லவில்லை. மூன்று வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பெண் "நீங்க, நீங்க" என்று அழைத்துக்கொண்டிருந்தாள். இவளும் பதிலுக்கு வேண்டுமென்றே "நீங்க" போட்டுப் பேசுவாள். அந்த "நீங்க"வில் மரியாதை ஒரு துளி இருக்காது.

பெயர் நாள் கேக்கிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. பெயர் நாள், அதாவது தன் பெயருக்குரிய புனிதரின் திருநாள் வந்தால் அவரவர் கேக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மார்ச்சில் போஷேனா கொண்டுவந்த ஆப்பிள் கேக் சாயங்காலம் வரை பாதித் தட்டில் கிடந்தது. ஜூலையில் கிங்கா கொண்டுவந்த சீஸ் கேக் காலைத் தேநீருக்கே காலி. போஷேனா வந்து வெறுந்தட்டைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

"நீதான் டயட்டுன்னு சொன்னியே" என்றேன்.

"சொன்னா? கேக்கக்கூடாதா? சரி விடு. சீஸ் நல்லா இருந்தா யார் செஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும். அதுல என்ன பெரிய கைப்பக்குவம்."

அன்று முழுவதும் அவள் தட்டுகளைக் கழுவிய சத்தம் அடுத்த கட்டடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்தது தண்ணீர் விவகாரம். ஆரம்பச் சோதனைகளை எல்லோரும் ஊர்க் குழாய்த் தண்ணீரில்தான் செய்வோம். வசதி, சுத்தம், எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். கிங்கா மட்டும், ஆலையில் என்ன தண்ணீர் ஓடுகிறதோ அதில்தான் செய்வேன் என்றாள். ஆலைத் தண்ணீர் என்பது சுரங்கத்திலிருந்து ஊறி, கழிவுக் குளத்துக்குப் போய், திரும்பத் திரும்ப ஆலைக்கே வருவது. வாயில் வைத்தால் கரிக்கும். வாராவாரம் காரை எடுத்துக்கொண்டு போய்க் கேன் கேனாக நிரப்பி வருவாள். அந்தக் கேன்களை மாடிக்குத் தூக்க ஆண்பிள்ளைகளுக்குள் போட்டா போட்டி. நானும் தூக்கினேன், பொய் சொல்வானேன்.

போஷேனா படிக்கட்டில் நின்று பார்த்தாள்.

"ஏன் ஜெரார்ட், உனக்கு முதுகுவலின்னு போன வாரம் என் கல்மாவு மூட்டைய நகர்த்த மாட்டேன்னியே. இப்ப சரியாயிடுச்சா?"

"மாத்திரை போட்டேன்."

"ஆமா, என்ன மாத்திரைன்னு தெரியுது."

பிறகு எங்கள் தலைவர் டாக்டர் வலென்டியிடமே போய்ச் சொன்னாள். "ஆய்வகம்னா ஆய்வகம், ஆலைன்னா ஆலை. குட்டைத் தண்ணிய இங்க கொண்டாந்து கொட்டுறது ஆராய்ச்சி இல்ல, சர்க்கஸ்." வலென்டி சண்டைக்கு நிற்கும் ஆள் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வழி என்றார். போஷேனா அந்தக் கேன்களில் ஒரு சொட்டைக்கூடத் தொடவில்லை. தொட்டால் கிங்காவைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடுமே. கிங்கா வருவதற்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கிய தன் மருந்தை நாலு வருஷமும் குழாய்த் தண்ணீரிலேயே வைத்து வளர்த்தாள்.

அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வயல்களில் மே மாதம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே, கடுகு இனத்து ரேப் விதை, அதன் எண்ணெயிலிருந்து காய்ச்சி எடுத்தது. சோப்புக்குச் சித்தப்பா மகள் மாதிரி. குழாய்த் தண்ணீரில் அதன் நுரையைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பொடிப்பொடிக் குமிழியாக, கருப்பாக, கெட்டியாக எழும்பி நிற்கும். இதற்கு முன் அவள் செய்த இரண்டு மருந்தும் அலமாரியோடு நின்றுவிட்டன. இதுவாவது ஆலைக்குப் போக வேண்டும். ஐம்பத்தாறு வயதாகிறது. இதுவும் போகாவிட்டால் இன்னொன்று செய்ய நாள் இல்லை. அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆலைக்காரர்கள் ஒரே ஒரு மருந்தைத்தான் முழு ஓட்டத்தில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். டிசம்பர் நாலாம் தேதி சுரங்கக்காரர்களின் பார்பரா திருநாள் விருந்தில் அதை அறிவிப்பது என்று ஏற்பாடு. போட்டியில் இரண்டே பேர். போஷேனாவின் ரேப் எண்ணெய் மருந்து, கிங்காவின் மருந்து.

வலென்டி எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"சிக்கல் என்னன்னா, வழிக்கிற கை போஷேனாவோடது. போட்டியிலயும் அவளே இருக்கா. கிங்கா, உனக்கு வேணும்னா விரோட்ஸ்வாஃப் ஆய்வகத்துல இருந்து ஒரு ஆளக் கூப்பிடலாம்."

"எதுக்கு டாக்டர்?" என்றாள் கிங்கா. "அவங்க கைய விட நல்ல கை அங்க எங்க இருக்கு? அவங்களே வழிக்கட்டும். நான் உள்ளயே வரல, வெளியில இருக்கேன்."

போஷேனாவின் முகம் சுண்டிப்போயிற்று. வெளியே வந்ததும் என்னைத் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"பாத்தியா? பெருந்தன்மையிலயும் அவதான் முதல்ல. நான் சொல்ல வேண்டியது அது. வேற ஆள் வழிக்கட்டும்னு நான் சொல்லியிருக்கணும். வாயத் திறக்கறதுக்குள்ள முந்திக்கிட்டா."

"அப்ப இப்ப போய்ச் சொல்லேன்."

"இப்பச் சொன்னா பயந்துட்டான்னு ஆகும்." என் கையில் இருந்த காப்பியை அவளே வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

யாருடைய மருந்து எது என்று வழிப்பவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வலென்டி இரண்டையும் ஒரே மாதிரிப் பழுப்புப் புட்டிகளில் ஊற்றினார். ஒன்றில் சிவப்பு நாடா, ஒன்றில் நீல நாடா. எது எது என்பது அவருக்கு மட்டும் தெரியும். மருந்தின் மணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் சொன்னார். ஆலைக்குப் போகிற மருந்து என்பதால் சோதனை ஆலைத் தண்ணீரில்தான் நடக்கும்.

போஷேனா மூலையில் இருந்த கேன்களைப் பார்த்தாள். பிறகு, "என் மருந்து எந்தத் தண்ணியிலயும் எழும்பும்" என்றாள்.

ஒவ்வொரு புட்டிக்கும் மூன்று தடவை, மாற்றி மாற்றி. முதலில் சிவப்பு. நான் மருந்தை ஊசியால் அளந்து விட்டேன், காற்றைத் திறந்தேன். நுரை வந்தது, ஆனால் சோனியாக வந்தது. பெரிய பெரிய குமிழி, வெளிறிப்போய், ஓரத்தைத் தொடும் முன்பே உடைந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்தவர்களுக்கு அந்த நுரையைத் தெரியும்.

போஷேனாவின் உதட்டோரம் லேசாக மேலே போனது. "இதுக்குத்தானா இத்தனை கேன் தூக்குனீங்க?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வழி" என்றேன்.

வழித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துடுப்பு இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. ஒரு நகக்கண் அளவு குறைச்சல், அவ்வளவுதான். மூலைகளைத் தொடவில்லை. வேறு யாராக இருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். இந்த மணிக்கட்டைப் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேனே.

அடுத்தது நீலம். நுரை கருப்பாக, பொடிக் குமிழியாக, கெட்டியாக விளிம்புக்கு மேல் எழுந்து நின்றது. போஷேனாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததைக் கேட்ட தாய்போல் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துடுப்பை இறக்கினாள் பாருங்கள், அதுதான் வழிப்பது என்பது. மூலை மூலையாக, பின்சுவர் ஓரமாக, ஒரு குமிழி மிச்சமில்லாமல். சேறும் வரவில்லை. குழந்தைக்குக் கடைசிக் கவளத்தைக் கிண்ணத்தில் வழித்தெடுத்து ஊட்டுவதுபோல் அத்தனை பொறுமை. அந்தக் கை ஏன் இந்தப் பக்கத்தில் பெயர் பெற்றது என்று அன்று மறுபடியும் எனக்குப் புரிந்தது.

அடுத்த சிவப்பிலும் அதே மேலோட்டம், அடுத்த நீலத்திலும் அதே பொறுமை. எல்லாம் முடிந்து தட்டுகளை உலர்த்த வைத்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. வலென்டி அங்கேதான் நின்றிருந்தார்.

"டாக்டர், சிவப்புல கை கொஞ்சம் மேலாகப் போன மாதிரி இருந்துச்சு. அந்த மூணையும் இன்னொரு தடவை பண்ணிடலாமா?"

போஷேனா துடுப்பை மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"யார் கை?"

"தப்பா எடுத்துக்காத. சோனி நுரை, அதான் ஒருவேளை..."

"பதினெட்டு வருஷம் கடிகாரம் புடிச்சவனுக்கு இன்னிக்குத் துடுப்பு புடிக்கத் தெரிஞ்சிருச்சா? ஏன், கேன் தூக்கின பாசமா? டாக்டர், இவன் சொல்றத நீங்களும் நம்புறீங்களா? நம்புனா இப்பவே சொல்லிடுங்க, நான் இந்தத் தொட்டி பக்கமே இனிமே வரல. என் கை சரியாத்தான் போச்சு. ரெண்டுக்கும் ஒரே கை, ஒரே ஆழம். எழுதிக்கங்க."

வலென்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "போஷேனா சொன்னா சரிதான், ஜெரார்ட்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் மதியம் கணக்கு வந்தது. வலென்டியின் அறையில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். போஷேனா அன்று முத்து மாலை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கிங்கா விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததேயில்லை.

"நீலம் தொண்ணூத்தொண்ணு சதவீதம் தாமிரத்தைப் பிடிச்சிருக்கு" என்றார் வலென்டி. "சிவப்பு எண்பத்திரெண்டு."

போஷேனா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கிங்காவின் பக்கம் திரும்பி, மூன்று வருஷத்தில் முதன்முறையாக அன்பாகப் பேசினாள். "மனசத் தளர விடாதீங்க. சின்ன வயசு. இன்னும் எத்தனையோ வாய்ப்பு வரும்."

"நன்றி" என்றாள் கிங்கா.

வலென்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இன்னும் சொல்லவே இல்லையே. நீலம் கிங்காவோடது. சிவப்பு உன்னோடது, போஷேனா."

போஷேனா சிரித்தாள். தவறான புட்டியைச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் தன் கைப்பட எழுதிய சீட்டைக் காட்டினார். அவள் அதைப் படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது கையைத்தான் பார்த்தேன். மடியில் அது தன்பாட்டில் ஒரு முறை மூடித் திறந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. தன் நுரை தனக்குத் தெரியும் என்று நம்பினாள். அவளுக்குத் தெரிந்தது குழாய்த் தண்ணீரில் எழும்பிய நுரை. கரிக்கும் தண்ணீரில் தன் பிள்ளை நோஞ்சானாக வந்து நின்றபோது, அது அடுத்தவள் பிள்ளை என்று நினைத்துப் பட்டினி போட்டுவிட்டாள். அடுத்தவள் பிள்ளைக்கு மூலை மூலையாக வழித்து ஊட்டியிருக்கிறாள்.

முதலில் பேசியது கிங்காதான்.

"டாக்டர், ஜெரார்ட் நேத்து என்கிட்ட சொன்னான், சிவப்புல துடுப்பு மேலாகப் போச்சுன்னு. நுரை மெலிசா இருந்தா யாருக்கும் அப்படி ஆகும். எண்பத்திரெண்டுங்கிறது அதோட உண்மையான கணக்கா இருக்காது. மறுபடியும் செஞ்சு பாப்போம்."

வலென்டி தலையாட்டினார். "ஆலைக்காரங்ககிட்ட ரெண்டு நாள் கேக்கலாம், குடுப்பாங்க. ஆனா போஷேனா, நேத்து நீதானேம்மா ஒரே ஆழம்னு எழுதிக்கச் சொன்ன? இப்ப நீ சொல்லு. கை மேலாகப் போச்சா?"

ஒரே ஒரு "ஆமா"தான் வேண்டியிருந்தது. சொன்னால் சோதனை மறுபடி நடக்கும். நன்றாக வழித்தால் அந்தச் சோனி நுரையிலிருந்தும் இன்னும் நாலைந்து சதவீதம் தேறும் என்று எனக்கே தெரியும். ஜெயிக்குமா என்பது வேறு விஷயம். ஜெயிக்கலாம், ஜெயிக்காமலும் போகலாம். ஆனால் "ஆமா" என்றால் அடுத்த கேள்வி வரும். சிவப்பில் மட்டும் ஏன் மேலாகப் போயிற்று, நீலத்தில் ஏன் போகவில்லை, சிவப்பு யாருடையது என்று நினைத்தாய். யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி சோதனைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேயிருக்கும்.

நான் அவளைப் பார்த்தேன். சொல்லித் தொலை என்று கண்ணாலேயே கெஞ்சினேன். கோபமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

"இல்ல" என்றாள் போஷேனா. "என் கை சரியாத்தான் போச்சு. ரெண்டுக்கும் ஒரே ஆழம்."

வலென்டி பேனாவைத் திறந்தார். கணக்குத் தாளில் கையெழுத்துப் போட அவள் குனிந்தபோது முத்து மாலை மேசையில் தட்டியது. நாலு வருஷம் ஒரு கையெழுத்தில் முடிந்துபோயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் கிங்கா எங்கள் பின்னாலேயே ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. போஷேனாவின் வலது கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். அங்க எல்லார் முன்னாடியும் உங்க கைதான் வேணும்னு பெருசா சொல்லிட்டேனே தவிர, சோதனைக்கு முந்தின ராத்திரி பூரா தூங்கல. உங்களுக்கு என்னைப் பிடிக்காது, எனக்குத் தெரியும். எங்க என் மருந்துன்னு கண்டுபிடிச்சு கைய அடக்கிருவீங்களோன்னு பயந்தேன். நேத்து சாயங்காலம் தட்டெல்லாம் போய்ப் பாத்தேன். நீலத்துல ஒரு குமிழிகூட விடல நீங்க. மூலையெல்லாம் வழிச்சிருக்கீங்க. என் மருந்தை நானே அப்படி வழிச்சதில்ல. உங்களைப் போய் நான் அப்படி நினைச்சேன் பாருங்க."

போஷேனா தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கிங்காவின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பரவாயில்ல" என்றாள்.